பழைய மோட்டார் வண்டியும் எண்ணெய்க் குறைவும்

1,489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் யந்திரம் பூண்ட பழைய அம்பாஸிடர் வண்டியொன்று எண்ணெயை இழக்கிறது. பெட்ரோலும் மிகுதியாகச் செலவாகிறது. உடனே யந்திரத்தைப் பிரித்துவிட வேண்டுமென்பர் பலர். பிரிக்குமுன் நாம் தெளிய வேண்டுவது, இவை ஒரு நோயா, இரு நோய்களா என்பதே. 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன வண்டியாதலின், வீணாகப் பிரிக்கலாகாது.

முதலில், இரவில் வண்டியினடியிற் காகிதம் விரித்து வைப்போம். ஒழுக்கிருப்பின் பெரும்பாலும் காலையிற் புலப்படும். இல்லையேல் புகையை நோக்குவோம். நெடுநேரம் நின்ற வண்டியைக் கிளப்பியவுடன் நீலப்புகை தோன்றி மறையின், வால்வுத் தண்டின் வழியே எண்ணெய் இறங்குகிறதென ஊகிக்கலாம். மேடேறுகையில் நீலப்புகை விடாதெழுமாயின் பிஸ்டன் வளையங்களே ஐயத்திற்குரியன. ஐயந் தீர, ஸிலிண்டர்தோறும் அமுக்கத்தை அளந்து, பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளப்போம். அமுக்கம் நன்குயர்ந்தால் தேய்ந்தவை வளையமும் ஸிலிண்டருமே. உயராவிடில் வால்வையோ கேஸ்கட்டையோ ஆராய வேண்டும்.

தேய்ந்த வளையம் பெட்ரோலையும் வீணாக்கும் என்பது மெய்யே. ஆயின், புகை கறுத்துப் பிளக்கில் உலர்கரி படிந்திருப்பின் குற்றம் பெரும்பாலும் கார்புரேட்டரினது. சோக் முழுதும் திரும்பாமையே அதற்குப் போதும். அங்ஙனம் மிகும் பெட்ரோல் ஸிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவி வளையத்தைத் தேய்க்கும். கீழிறங்கி எண்ணெயோடு கலந்து, அளவுகோலில் குறைவே தோன்றாதபடி மறைப்பதுமுண்டு! ஆதலின் கோலில் ஏறிய எண்ணெயை முகர்ந்தும் பார்க்க வேண்டும். ஓடி நின்றபின் ஒரு சக்கரம் மட்டும் மிகச் சுடுமாயின், அங்கே பிரேக் பற்றியிருக்கிறது. அதற்கு யந்திரத்தைத் தொடவே வேண்டுவதில்லை.