பால் காணுமா? பிறந்த மணியிலிருந்து இரண்டு வயதுவரை ஒரு வழிகாட்டி

நாகர்கோவில் பக்கம் பிள்ளை பெற்ற வீட்டில் இரண்டாம் நாளே ஒரு பேச்சு எழும்: "பிள்ளைக்குப் பால் காணாது." அதன் பின்னாலேயே பால்பொடி டப்பா வந்து சேரும். டப்பா வந்ததும் பிள்ளை மார்பில் சப்புவது குறையும்; சப்புவது குறைந்தால் பால் சுரப்பும் குறையும்; சொன்னது பலித்துவிடும். பால் போதுமா என்பதை அழுகையோ பார்க்க வருபவர் வாக்கோ தீர்மானிக்கக் கூடாது. அதற்குச் சரியான கணக்கு இருக்கிறது.

தாய்ப்பால் வயிற்றுப்போக்கையும் நிமோனியாவையும் தள்ளி வைக்கிறது. பின்னாளில் உடல் பருமனும் சர்க்கரை நோயும் வரும் வாய்ப்பையும் குறைக்கிறது. தாய்க்கும் பலன் உண்டு. 30 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2002-ல் லான்செட் இதழ் வெளியிட்ட கணக்குப்படி, பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4.3 சதவீதம் குறைகிறது.

1. பேறுகாலத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்

பிறந்ததும் சேனை வைக்கும் பழக்கம் இங்கே உண்டு. சர்க்கரைத் தண்ணீர், தேன், உரைத்த வயம்பு எதுவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் குடலில் பெருகி நரம்பைத் தளர்த்தும் நச்சை உண்டாக்கலாம். பெரியவர்களுக்கு மனத்தாங்கல் வராமல் இருக்க வேறொரு பொறுப்பைக் கொடுங்கள்: பாட்டி கையால் பிள்ளையைத் தூக்கி மார்பில் சேர்க்கட்டும். சீம்பாலே சேனையாக இருக்கட்டும்.

2. முதல் மணியைத் தவற விடாதீர்கள்

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். முதுகுத்தண்டில் ஊசி போட்டுச் செய்யும் சிசேரியனில் தாய் விழித்தே இருப்பாள். ஆகவே முதல் மணிக்குள் பிள்ளையை மார்பில் போட உதவும்படி செவிலியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தையலில் அழுத்தாமல் இருக்க, ஒருக்களித்துப் படுத்தோ, பிள்ளையின் கால் உங்கள் அக்குள் பக்கம் போகும்படி பிடித்தோ கொடுக்கலாம்.

சீம்பால் துளித்துளியாகத்தான் வரும். முதல் நாள் பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வதே 5 முதல் 7 மி.லி. அதற்கு அந்தத் துளிகள் போதும்.

3. பிடிப்பைச் சரி செய்யுங்கள்

பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்டியிருக்கட்டும். தலையும் உடம்பும் ஒரே நேர்க்கோட்டில் வரட்டும். காம்பால் உதட்டை வருடி, வாய் அகலத் திறந்ததும் சட்டென்று மார்போடு அணையுங்கள். காம்பு மட்டுமல்ல, சுற்றியுள்ள கருவட்டமும் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பைத் தொட்டு, கீழ் உதடு வெளியே மடிந்திருந்தால் பிடிப்பு சரி. தொடர்ந்து வலித்தால், வாயோரம் விரலை விட்டுப் பிடியை விடுவித்து மறுபடி தொடங்குங்கள்.

4. கேட்கும்போதெல்லாம் கொடுங்கள்

ஒரு நாளில் 8 முதல் 12 முறை. ராத்திரி ஊட்டுவதை விட வேண்டாம். பாலை ஊற வைக்கும் ஹார்மோன் அப்போதுதான் கூடுதலாகச் சுரக்கும். இறைக்கிற கிணறு போலத்தான் மார்பும். ஆறு மாதம்வரை தண்ணீர்கூடத் தேவையில்லை. தாய்ப்பாலில் ஏறக்குறைய 88 சதவீதம் தண்ணீர்தான்.

5. கணக்குப் பாருங்கள்

முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை என்று சிறுநீர் கூடிக்கொண்டே வந்து, ஐந்தாம் நாளுக்குப் பின் ஆறு முறைக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கறுத்த மலம் அதற்குள் மஞ்சளாகும். முதல் சில நாளில் பிள்ளையின் எடை கொஞ்சம் குறைவது இயல்பு; பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வேண்டும். இவை சரியென்றால், பால் காணும்.

6. வலி வந்தால்

பால் கட்டினால் ஊட்டுவதை நிறுத்தாதீர்கள். கொடுக்கும் முன் மெல்லக் கையால் பீய்ச்சிக் கருவட்டத்தை இளக்குங்கள். கொடுத்த பின் குளிர்ந்த துணி ஒத்தடம் வையுங்கள். மார்பு சிவந்து காய்ச்சலும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

7. தாயின் சாப்பாடு

பால்சுறாப் புட்டு, பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல சாப்பாடுதான். ஆனால் பிள்ளை குடிப்பதற்கு ஈடாகாது. பத்தியம் என்று மீனையும் காய்கறியையும் தண்ணீரையும் குறைக்காதீர்கள்.

8. வேலைக்குத் திரும்பும்போது

மகப்பேறு நல விதிகள் பொருந்தும் இடங்களில், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. திரும்பிய பின், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை கேட்கலாம். அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை செய்பவர்கள் ஊட்டும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, உடுப்பு மாற்றுங்கள். முந்திரித் தோட்டின் எண்ணெய் பிள்ளையின் தோலைப் புண்ணாக்கும்.

பாலைச் சுத்தமான கையால் பீய்ச்சி, மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள். நம்மூர் வெக்கையில் வெளியே நான்கு மணி நேரம், ஃபிரிட்ஜில் 24 மணி நேரம். காய்ச்சக் கூடாது, வெந்நீரில் பாத்திரத்தை வைத்து இதமாக்கினால் போதும். பாட்டிலுக்குப் பதில் பாலாடைச் சங்கில் கொடுங்கள். பாட்டில் பழகினால் சில பிள்ளைகள் மார்பை மறுக்கும்.

வழியில் ஊட்ட, தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நாகர்கோவில் வடசேரி நிலையத்தில் இறங்கினால் விசாரியுங்கள். பூட்டியிருந்தால் திறக்கச் சொல்லுங்கள். யாராவது இலவசமாகப் பால்பொடி டப்பா நீட்டினால், 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அது தவறு என்று சொல்லி மறுத்துவிடுங்கள்.

9. ஆறு மாதத்துக்குப் பின்

ஏத்தங்காய்ப் பொடிக் கஞ்சி, மசித்த மட்டிப்பழம், குழைந்த பருப்புச் சோறு, முட்டை, முள் நீக்கிய மீன் என்று ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். அதோடு தாய்ப்பாலையும் இரண்டு வயதுவரையோ அதற்கு மேலோ தொடருங்கள்.

உடனே போக வேண்டிய நேரம்: பிள்ளை சப்ப மறுத்தால், எழுப்ப முடியாமல் தூங்கினால், முதல் சில நாள் கழிந்த பின் ஆறேழு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், தோலின் மஞ்சள் நிறம் உள்ளங்கை, பாதம்வரை பரவினால், காய்ச்சல் அடித்தாலோ உடம்பு சில்லிட்டாலோ காத்திருக்க வேண்டாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள குழந்தை மருத்துவரிடமோ கொண்டு போங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, சந்தேகம் கேட்க 104.