ஸங்கீத அப்யாஸத்தில் புரந்தரதாஸர் வகுத்த க்ரமம்

ஹரிதாஸ பரம்பரையில் தோன்றி, விட்டலனையே பாடிப் பரவிய ஸ்ரீ புரந்தரதாஸர் (1484–1564) கர்நாடக ஸங்கீத பிதாமஹர் என்று போற்றப்படுகிறார். குழந்தைகள் ஸங்கீதம் பயிலும் முறையை வகுத்தவரும் அவரே என்பது ஸம்ப்ரதாயம்.

ஆரம்ப பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்திருப்பதன் காரணம் யாது? ஷட்ஜமம் முதல் மத்யமம் வரை ஸ்வரங்கள் எந்த இடைவெளியில் நிற்கின்றனவோ, அதே இடைவெளியில் பஞ்சமம் முதல் மேல் ஷட்ஜமம் வரையிலும் நிற்கின்றன. ஆகவே பாதியைக் கற்ற செவிக்கு மறுபாதி எளிதில் வசமாகிறது.

ஸரளி வரிசையில் ஸ்வரங்கள் படிப்படியாக ஏறி இறங்குகின்றன. ஜண்டை வரிசையில் இரட்டித்து ஒலிக்கின்றன. அலங்காரங்களில் ஸப்த தாளங்களும் பழகுகின்றன. மூன்று காலங்களில் ஓர் அக்ஷரத்திற்கு முறையே 1, 2, 4 ஸ்வரங்கள் வரும். கை போடும் தாளத்தின் வேகமோ மாறாது. பின்னர் வரும் கீதங்களுள் முதன்மையானவை மலஹரி ராகத்தில் அமைந்தவை. அந்த ராகத்தின் ஸ்வரங்கள் அனைத்தும் குழந்தைக்கு முன்பே பழகியவை.

வேதாத்யயனத்தில் ஆசார்யர் ஒருமுறை ஓத, சிஷ்யன் இருமுறை ஓதும் சந்தை முறையும் இத்தகையதே. செவி முதலில், நா பின்னர்.

குழந்தை விரைவில் மேடையேற வேண்டுமென்று வரிசைகளைக் குறைத்து, பாட்டுகளை மட்டும் மனனம் செய்விப்பாரும் உளர். அக்குழந்தை கற்ற பாட்டைப் பாடும். புதிய பாட்டொன்றைக் கேட்டால் அதன் ஸ்வரம் அறியாது திகைக்கும். பெற்றோர் சற்றே பொறுத்தருள்வாராயின், அக்குழந்தை கற்பிக்கப்படாததையும் ஒருநாள் தானே பாடும்.