சமுதாய மேம்பாட்டுக் கல்வி: தொண்டுக்கும் ஒரு படிப்பு உண்டு



ஆண்டுதோறும் கல்வி உதவிநிதிக்கான நேர்முகத் தேர்வுகளில் ஒரு காட்சியைக் காணலாம். மருத்துவம், பொறியியல், கணக்கியல் பயிலப் போவதாகக் கூறும் மாணவரைப் பெரியோர்கள் மகிழ்ச்சியோடு தட்டிக் கொடுக்கின்றனர். “சமுதாய மேம்பாடு படிக்க விரும்புகிறேன்” என்று ஒரு மாணவி கூறினால் அறையில் சிறிது நேரம் மௌனம் நிலவுகிறது. “அம்மா, தொண்டு செய்வதற்கு ஒரு பட்டம் வேண்டுமா? நாங்களெல்லாம் படித்துவிட்டா கோயிலுக்குச் செய்கிறோம்?” என்று யாரேனும் ஒருவர் கேட்கிறார்.

கேள்வி நியாயமானதுதான். அதற்குரிய விடையை அறிந்து கொள்வது அந்த மாணவிக்கு மட்டுமன்று, கொடை வழங்கும் நமக்கும் பயன் தரும்.

வள்ளுவர் காட்டும் வரிசை

திருக்குறளில் 23-ஆம் அதிகாரம் ஈகை. அதற்கு முன்னால் 22-ஆம் அதிகாரமாக வள்ளுவர் வைத்திருப்பது ஒப்புரவறிதல். ஈகை வறியவர்க்குக் கொடுப்பதைக் கூறுகிறது. ஒப்புரவு, ஊரோடு ஒட்டி வாழ்ந்து ஊருக்குப் பயன்படுவதைக் கூறுகிறது. ஈகைக்கு இல்லாத ‘அறிதல்’ என்னும் சொல் ஒப்புரவுக்குச் சேர்க்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பசித்தவர்க்குச் சோறிட நல்ல மனம் போதும். ஓர் ஊர் தன் காலில் நிற்கத் துணை செய்வதற்கோ அறிந்து கொள்ள வேண்டியவை பல உள்ளன. அவற்றை முறையாகக் கற்பிப்பதே சமுதாய மேம்பாட்டுக் கல்வியாகும்.

இக்கல்வி வளர்ந்த விதம்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்திலுள்ள செயின்ட் பிரான்சிஸ் சேவியர் பல்கலைக்கழகம் 1928-இல் ஒரு விரிவாக்கத் துறையைத் தொடங்கியது. மோசஸ் கோடி என்பவர் அதன் முதல் இயக்குநர். வறுமையில் வாடிய மீனவர்களையும் உழவர்களையும் அவர் சிறுசிறு படிப்புக் குழுக்களாகக் கூட்டினார். தங்கள் மீன் ஏன் மலிவாக விலை போகிறது, இலாபம் எங்கே செல்கிறது என்று அவர்களே ஆராய்ந்தனர். அதன் பயனாகக் கூட்டுறவுச் சங்கங்களும் கடனுதவிச் சங்கங்களும் தோன்றின. அப்பணியின் தொடர்ச்சியாக, 1959-இல் அதே பல்கலைக்கழகத்தில் கோடியின் பெயரால் ஓர் அனைத்துலகப் பயிற்சி நிலையம் அமைந்தது.

இந்தியாவில் 1952-ஆம் ஆண்டு காந்தி பிறந்த நாளில் சமுதாய மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. கிராமந்தோறும் பணியாளர்கள் சென்றனர். சாலைகளும் கிணறுகளும் பள்ளிகளும் வந்தன. ஆயினும், 1957-இல் பல்வந்த்ராய் மேத்தா குழு இத்திட்டத்தை ஆய்ந்தபோது, மக்களின் சொந்த முயற்சியை அது போதிய அளவு எழுப்பவில்லை எனக் கண்டது. முடிவெடுக்கும் பொறுப்பு மக்கள் தேர்ந்தெடுக்கும் உள்ளூர் அமைப்புகளுக்குச் செல்ல வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. கட்டடம் எழுவதும் சமுதாயம் எழுவதும் வேறு வேறு என்பது இதனால் விளங்கும்.

நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு

மலாயாவில் 1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையையும் குடியிருப்பையும் ஒருங்கே இழந்தவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். துண்டாடலின் விளைவுகளை மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்து, 1960-களின் தொடக்கத்தில் அறிக்கையாக வெளியிட்டார். பாதிக்கப்பட்டோரின் நிலையை எடுத்துக் காட்டும் சான்றாக அந்த ஆய்வு அமைந்தது.

மற்றொரு பக்கம், 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. தோட்டப் பாட்டாளிகள் மாதந்தோறும் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்கள் வாங்கப்பட்டன. கூலிக்கு மரம் வெட்டியவர் பங்குதாரரானார். ஆய்வும் அமைப்பும் ஆகிய இவ்விரண்டு திறன்களையும் இன்றைய மாணவர் பல்கலைக்கழகத்தில் பயில்கிறார்.

என்ன கற்கிறார்கள்?

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1975 முதல் சமூகப்பணிக் கல்வி நடைபெற்று வருகிறது. புத்ரா பல்கலைக்கழகத்தின் மானுடச் சூழலியல் புலமும் குடும்பம், சமூகம், மேம்பாடு தொடர்பான கல்வியை வழங்குகிறது. பாடங்களின் பெயர்கள் இடத்துக்கு இடம் மாறினாலும் அடிப்படைகள் சில உண்டு.

முதலாவது, சமூகவியலும் பொருளியலும்: வறுமை எவ்வாறு தோன்றுகிறது, ஏன் ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் செல்கிறது என்பது. இரண்டாவது, ஆய்வு முறை: வீடு வீடாகச் சென்று கேட்பது, கேட்டதைச் சார்பின்றிப் பதிவு செய்வது, கணக்கிடுவது. மூன்றாவது, குழுப்பணி: கருத்து வேறுபாடுள்ளோரை ஒரே பாயில் அமர்த்திப் பேச வைப்பது. நான்காவது, திட்டமிடலும் மதிப்பீடும்: செலவிட்ட பணம் என்ன பயன் தந்தது என்று நேர்மையாகப் பார்ப்பது. ஐந்தாவது, களப்பயிற்சி. இதுவே இக்கல்வியின் உயிர்நாடி.

அமெரிக்க அறிஞர் ஷெரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் எழுதிய கட்டுரையொன்றை இத்துறை மாணவர்கள் பலரும் பயில்வர். மக்கள் பங்கேற்பை அவர் எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். கீழ்ப்படிகளில் மக்கள் வெறுமனே ஆட்டுவிக்கப்படுகின்றனர். நடுப்படிகளில் அவர்களுக்குச் செய்தி சொல்லப்படுகிறது, கருத்துக் கேட்கப்படுகிறது. முடிவு மட்டும் வேறிடத்தில். மேற்படிகளில்தான் அவர்கள் பங்காளிகளாகி முடிவெடுக்கின்றனர். நம் தொண்டு எந்தப் படியில் நிற்கிறது என்று கேட்டுப் பார்ப்பது நமக்கு நல்லது.

நான் கற்ற பாடம்

மாணவப் பருவத்தில் களப்பயிற்சிக்காக நாங்கள் ஐவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சென்றோம். தோட்டங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் அங்கே நிறைந்திருந்தன. வாரம் மூன்று இரவுகள் பொது மண்டபத்தில் இலவசப் பிரத்தியேக வகுப்பு நடத்தினோம். முதல் வாரம் 28 பிள்ளைகள் வந்தனர். ஆறாவது வாரம் வந்தவர்கள் நால்வர். “பெற்றோருக்குக் கல்வியில் அக்கறையில்லை” என்று அறிக்கை எழுதிக் கொடுத்தோம்.

விரிவுரையாளர் அதைத் திருப்பித் தந்தார். கடைசிப் பக்கத்தில் ஒரே கேள்வி எழுதியிருந்தது: “எத்தனை வீடுகளில் கேட்டீர்கள்?” ஒரு வீட்டிலும் கேட்கவில்லை.

வெட்கத்தோடு படியேறினோம். தாய்மார் பலருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. வீட்டில் தம்பி தங்கையரைப் பார்த்துக் கொள்வது பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைகள். மண்டபத்துக்குச் செல்லும் வழியில் விளக்கு எரியவில்லை. “ஞாயிற்றுக்கிழமை காலையில் வைங்க தம்பி, கோயில் கொட்டகையிலேயே வைங்க, சின்னதுங்களையும் கூட்டிக்கிட்டு வரட்டும். நாங்க ஆளுக்கொரு வாரம் பசியாற செஞ்சி தர்றோம்” என்று ஓர் அம்மாள் வழி சொன்னார். அவ்வாறே செய்தோம். பிள்ளைகள் வந்தனர், வகுப்பு நிலைத்தது. நாங்கள் கொண்டு சென்ற திட்டத்தில் குறை இருந்தது. குறையை நாங்கள் ஏற்றியதோ அந்தத் தாய்மார் மீது. அந்த அறிக்கை திருத்தப்படாமல் சென்றிருந்தால், பின்னர் வருவோரும் அதையே நம்பியிருப்பர்.

பெற்றோர்க்கும் கொடையாளர்க்கும்

இத்துறையில் பட்டம் பெற்றோர் அரசாங்க நலத்துறைகளிலும், அரசு சாரா அமைப்புகளிலும், நிறுவனங்களின் சமூகநலப் பிரிவுகளிலும், ஆய்வுத் துறையிலும் பணியாற்றலாம். பெரும் ஊதியத்தை எதிர்பார்த்து வரும் துறையன்று இது. ஆகவே பிள்ளை விண்ணப்பிக்கும் முன்னர் மூன்றைக் கேட்டறிவது நலம்: அப்பட்டத்துக்கு முறையான அங்கீகாரம் உண்டா? களப்பயிற்சி எத்தனை வாரம்? முன்பு பயின்றவர்கள் இன்று எங்கே பணியாற்றுகின்றனர்?

கொடையாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நம் ஆலயங்களில் மண்டபம் இருக்கிறது, சமையற்கட்டு இருக்கிறது, திருவிழாவென்றால் இரவு பகல் பாராமல் உழைக்கும் தொண்டர்கள் இருக்கின்றனர். ஓர் ஊரிடம் இல்லாததை மட்டும் எண்ணாமல், இருப்பதைக் கொண்டு தொடங்க வேண்டும் என்று கிரெட்ஸ்மனும் மெக்நைட்டும் 1993-இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினர். அவ்வகையில் ஆலயம் ஒரு பெருஞ்செல்வம். இத்துறை மாணவர் ஓரிருவரை ஆலயச் சுற்றுவட்டாரத்தில் களப்பயிற்சி செய்ய அழையுங்கள். எந்த வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது, எந்த முதியவர் தனியே இருக்கிறார், அவர்களே விரும்புவது என்ன என்று அறிந்து வரட்டும். அதன் பிறகு வழங்கப்படும் ஒவ்வொரு வெள்ளியும் சேர வேண்டிய இடத்தைச் சேரும்.

அடுத்த நேர்முகத் தேர்வில் ஒரு மாணவி சமுதாய மேம்பாடு படிக்க விரும்புவதாகக் கூறினால், மௌனம் வேண்டாம். “நல்லதம்மா, எங்கள் ஊரிலிருந்தே தொடங்கு” என்று வாழ்த்தி அனுப்புவோம். எல்லாம் வல்ல இறைவன் அம்மாணவிக்கும், அவள் சேவை செய்யப் போகும் மக்களுக்கும், கொடுக்கும் கரங்களுக்கும் துணை நிற்பானாக.