பாதம் பத்திரம்!

(ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு, ஜே.ஆர்.சி. மாணவி)



தை மாதம் பிறந்துவிட்டால் நம் பள்ளிக்கூட வாசல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகிற ரோட்டில் ராத்திரி பகல் பாராமல் பாதயாத்திரைக் கூட்டம் போய்க்கொண்டே இருக்கும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து நாள்கணக்கில் நடந்து வருபவர்கள் உண்டு. மதுரையிலிருந்து வருபவர்கள் உண்டு. நம் வீடுகளிலும் யாராவது ஒருவர் மாலை போட்டிருப்பார். துண்டு, போர்வை, டார்ச் லைட், தண்ணீர் பாட்டில் எல்லாம் எடுத்து வைத்தாயிற்றா என்று பத்துத் தடவை பார்ப்போம். ஆனால் அத்தனையையும் சுமக்கப் போகிற பாதத்தை ஒரு தடவையாவது பார்க்கிறோமா? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பழனிக்கு மட்டும் இல்லை, வேளாங்கண்ணிக்கு நடந்தாலும், சபரிமலை ஏறினாலும், பள்ளிச் சுற்றுலா போனாலும் இது பொருந்தும்.

1. பாதமும் ஒரு கணக்கும்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். இரண்டு பாதத்துக்கும் சேர்த்து 52. உடம்பில் மொத்தம் 206 எலும்புகள் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறோம். அப்படியானால் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு எலும்புகள் பாதத்திலேயே இருக்கின்றன!

இப்போது கணக்கு. திண்டுக்கல்லிலிருந்து பழனி ஏறத்தாழ 60 கிலோ மீட்டர். ஓர் அடிக்கு முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

60,000 ÷ 0.75 = 80,000 அடிகள்

அதாவது ஒவ்வொரு காலும் 40,000 தடவை தரையில் பட வேண்டும். செருப்பு வாரில் ஒரு பிசிறு இருந்தால் அது 40,000 தடவை ஒரே இடத்தில் உரசும். "சின்னப் பிசிறுதானே" என்று விட முடியுமா?

2. கொப்புளம் ஏன் வருது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சோதனை. காய்ந்த விரலை பெஞ்சின் மேல் வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். விரலை லேசாக ஈரமாக்கிவிட்டு இழுங்கள், பிடித்துப் பிடித்து வரும். வேர்த்த காலும் இப்படித்தான் செருப்போடு பிடித்துக்கொள்கிறது. வெளித்தோல் செருப்போடு ஒட்டி நிற்கும். உள்ளே இருக்கிற எலும்பு ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் அசையும். நடுவில் மாட்டிக்கொண்ட தோலின் அடுக்குகள் பிரிந்துவிடும். அந்த இடைவெளியில் தெளிந்த நீர் ஊறும். அதுதான் கொப்புளம்.

ஆகவே உராய்வு, ஈரம், சூடு ஆகிய மூன்றும்தான் கொப்புளத்துக்குக் காரணம். இவற்றைக் குறைத்தால் கொப்புளமும் குறையும்.

3. கிளம்புவதற்கு முன்

* புதுச் செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு நெடும்பயணம் கிளம்பக் கூடாது. இரண்டு வாரமாவது போட்டு நடந்து பழகியதாக இருக்க வேண்டும்.
* செருப்பை சாயங்காலம் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நின்று நடந்ததில் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த அளவு சாயங்காலம் இறுக்கும்.
* ஷூ என்றால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும்.
* நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரங்களை வளைத்து ஆழமாக வெட்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து குத்தும்.
* கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். பித்தவெடிப்பு இருந்தால் சில வாரம் முன்பிருந்தே ராத்திரியில் கழுவித் துடைத்து தேங்காய் எண்ணெய் தடவி வாருங்கள். விரல் இடுக்கில் மட்டும் எண்ணெய் வேண்டாம். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.
* ரணஜன்னி ஊசி போட்டு எவ்வளவு நாள் ஆயிற்று என்று டாக்டரிடமோ செவிலியரிடமோ சொல்லிக் கேளுங்கள். ரணஜன்னிக் கிருமி மண்ணில் இருப்பது. முள்ளோ ஆணியோ குத்தின காயம் வழியாக அது உள்ளே போய்விடும். நமக்கு 10 வயதிலும் 16 வயதிலும் போடுகிறார்கள். பெரியவர்கள் பல பேர் கடைசியாக எப்போது போட்டோம் என்பதையே மறந்திருப்பார்கள்.

4. வழியில்

* நடக்கும்போது ஓர் இடம் மட்டும் சுடுகிற மாதிரி, எரிகிற மாதிரி இருந்தால் அங்கேயே உட்கார்ந்து பாருங்கள். சிவந்திருந்தால் கொப்புளம் வரப்போகிறது என்று அர்த்தம். மருந்துக் கடையில் விற்கும் வெள்ளைக் காகிதப் பிளாஸ்டரை அங்கே சுருக்கம் இல்லாமல் ஒட்டிவிட்டு நடங்கள். "அடுத்த பந்தலில் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட வேண்டாம்.
* சாக்ஸ் போடுபவர்கள் இன்னொரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். ஈரமானதும் மாற்றிவிட வேண்டும்.
* நடு மத்தியானம் தார் ரோட்டில் நடக்காதீர்கள். விடியற்காலையிலும் வெயில் தாழ்ந்த பிறகும் நடந்தால் போதும்.
* தங்கும் இடத்தில் காலைக் கழுவியதும் விரல் இடுக்குகளை நன்றாகத் துடையுங்கள். பிறகு தலையணை மேலோ பை மேலோ காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் வீக்கம் குறையும்.
* சின்னக் கொப்புளத்தை உடைக்காமல் மூடி வையுங்கள். பெரிதாகி நடக்கவே முடியவில்லை என்றால் முதலுதவிப் பந்தலில் காட்டுங்கள். சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் எடுத்துவிட்டு, தோலை உரிக்காமல் கட்டுப் போடுவார்கள். அந்தத் தோல்தான் உள்ளே இருக்கும் புண்ணுக்கு மூடி. சில பேர் ஊசியில் நூல் கோத்து கொப்புளத்துக்குள் விட்டு வைப்பார்கள். அந்த நூல் வழியாகக் கிருமி உள்ளே போகும். காபித்தூள், சாம்பல், டூத் பேஸ்ட் இவையும் புண்ணுக்கு மருந்து அல்ல.
* பஸ்ஸில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மணிக்கணக்காக உட்கார்ந்தே போனால் கால் வீங்கும். நடக்கும்போது கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது. அசையாமல் இருந்தால் அந்த வேலை நடப்பதில்லை. சிலருக்கு காலில் ரத்தம் உறையக்கூட வாய்ப்பு உண்டு. ஆகவே அவ்வப்போது கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். பஸ் நிற்கிற இடத்தில் இறங்கி நாலு எட்டு நடங்கள்.

5. வலிக்காத காலே ஆபத்தான கால்

இதுவரை சொன்னது வலிக்கிற காலைப் பற்றி. இனிமேல் சொல்லப் போவதுதான் முக்கியம்.

போன வருடம் தைப்பூசத்துக்கு முதலுதவிப் பந்தலில் ஜே.ஆர்.சி. மாணவர்கள் நாங்கள் இரண்டு நாள் உதவி செய்தோம். பஞ்சு எடுத்துக் கொடுப்பது, தண்ணீர் ஊற்றுவது, வரிசையைச் சரி செய்வது எங்கள் வேலை. ரொம்ப சத்தம் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் பெரும்பாலும் சின்னக் கொப்புளம்தான். ஒரு தாத்தா மட்டும் சிரித்துக்கொண்டே வந்தார். மருந்துக்குக்கூட வரவில்லை, மோர் வாங்கத்தான் வந்தார். அவர் நடந்து வந்த தார்ப்பாயில் சிவப்பாகத் தடம் விழுந்திருந்தது.

"தாத்தா, கால்ல ரத்தம் வருது!" என்றேன்.

"எங்க தாயி? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார்.

உட்கார வைத்துப் பார்த்தால் குதிகாலில் கண்ணாடித் துண்டு ஒன்று ஆழமாக ஏறியிருந்தது. எப்போது குத்தியது என்றே அவருக்குத் தெரியவில்லை. நர்ஸ் அக்கா மெதுவாகக் கேட்டார்கள். "சுகர் இருக்கா தாத்தா?" "இருக்கும்மா, பத்துப் பன்னெண்டு வருஷமா. மாத்திரை போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

காயத்தைக் கழுவிக் கட்டி, உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வண்டியில் ஏறும்போதுகூட தாத்தா, "வலியே இல்லையேம்மா, எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார். அதற்கு அக்கா, "வலி இல்லேன்னா புண்ணு இல்லேன்னு அர்த்தம் இல்ல தாத்தா. வலி இல்லாததுதான் பிரச்சினையே" என்றார்கள்.

அக்கா அப்புறம் எங்களுக்கு விளக்கினார்கள். சர்க்கரை நோய் பல வருடம் இருந்தால் பாதத்தின் நரம்புகள் மெல்ல மெல்லச் செயல் இழக்கும். முள் குத்தினாலும், தார் சுட்டாலும், செருப்பு கடித்தாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறாது. கிருமி எலும்பு வரை போனால் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரும். இத்தனையும் ஒரு சின்னக் காயத்திலிருந்து ஆரம்பிப்பதுதான்.

இந்த உண்மைக்கு நம் தமிழ்நாட்டில் ஒரு வரலாறே இருக்கிறது. டாக்டர் பால் பிராண்ட் என்பவர் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். ஆங்கிலேயப் பெற்றோரின் பிள்ளை. இங்கிலாந்தில் மருத்துவம் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தால் விரல்கள் தாமாக அழுகி விழும் என்று அப்போது நம்பினார்கள். அவர் கவனித்துப் பார்த்து, அது அப்படி இல்லை என்று காட்டினார். நரம்பு கெட்டு வலி தெரியாமல் போகிறது, அதனால் காயம் பட்டது தெரியாமல் அதே காலால் மேலும் மேலும் நடக்கிறார்கள், காயம்தான் விரல்களை அழிக்கிறது என்று சொன்னார். அப்படிப்பட்ட பாதங்களுக்கு மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்யவும் பாடுபட்டார். எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சொல்வது அந்த ரப்பரில் செய்வதுதான். பிறகு அமெரிக்கா போய், சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் இதே பாடம் பொருந்தும் என்று காட்டினார். 2003இல் காலமானார். வலி என்பது மனிதனுக்குக் கிடைத்த ஒரு கொடை என்பது அவர் கருத்து. செருப்பு கடித்தால் நாம் "ஐயோ" என்கிறோம். அந்த "ஐயோ"தான் நம் காலைக் காப்பாற்றுகிறது!

6. வீட்டில் செய்து பாருங்கள்: ஆறு விரல் சோதனை

இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் மருத்துவர்கள் உருவாக்கிய எளிய சோதனை இது. கருவி வேண்டாம், நம் ஆள்காட்டி விரல் போதும்.

அ) தாத்தாவையோ பாட்டியையோ வசதியாகப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள்.
ஆ) "நான் தொட்டது தெரிஞ்சா வலதா இடதான்னு சொல்லுங்க" என்று சொல்லுங்கள்.
இ) ஒவ்வொரு பாதத்திலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகிய மூன்றின் நுனியையும் ஒன்றிரண்டு நொடி லேசாகத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஒரு விரலை ஒரு தடவைதான் தொட வேண்டும்.
ஈ) ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்கலாம். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

எல்லாம் தெரிந்தால் சந்தோஷம். ஆனாலும் சுகர் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது டாக்டரிடம் பாதத்தைக் காட்ட வேண்டும்.

முருகனுக்கு நேர்ந்துகொண்டதைக் குறை சொல்ல எனக்கு வயசும் இல்லை, நோக்கமும் இல்லை. ஆனால் சுகர் உள்ளவர்கள் மாலை போடுவதற்கு முன்பே டாக்டரிடம் போய், நடக்கலாமா, எந்தச் செருப்பு போடலாம் என்று கேட்டுவிட வேண்டும். வெறுங்காலில் நடப்பது அவர்களுக்கு ஆகாது. கோயிலில் செருப்பைக் கழற்றியே ஆக வேண்டும் என்பதால், கல் சுடாத காலை நேரத்தில் போவது நல்லது. கால் வலிக்கு வெந்நீர் வைத்தால் அவர்கள் காலை விட்டுப் பார்க்கக் கூடாது, சூடு தெரியாமல் வெந்துவிடும். வேறு யாராவது கையை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். கொப்புளம் சின்னதாக இருந்தாலும் தாங்களே உடைக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலே, தினமும் ராத்திரி பாதத்தைப் பார்க்க வேண்டும். உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு மூன்றையும் பார்க்க வேண்டும். வயசானவர்களுக்குக் குனிய முடியாது, கண்ணும் சரியாகத் தெரியாது. முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அதைவிட நல்லது, பேரனோ பேத்தியோ பார்ப்பது. செருப்பையும் போடுவதற்கு முன் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும்.

நமக்குக் கால் வலித்தால் நாமே சொல்லிவிடுவோம். அவர்கள் கால் சொல்லாது. அதற்குப் பதிலாக நம் கண் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிட வேலை, நண்பர்களே! இன்று ராத்திரியே ஆரம்பியுங்கள்.

யோசித்து விடை சொல்லுங்கள் (விடை கட்டுரைக்குள்ளேயே இருக்கிறது)

1. செருப்பு வாங்க ஏற்ற நேரம் எது? ஏன்?
2. கொப்புளத்தின் மூன்று காரணங்கள் யாவை?
3. கொப்புளத்தின் தோலை ஏன் உரிக்கக் கூடாது?
4. ஆறு விரல் சோதனையில் எந்தெந்த விரல்களைத் தொட வேண்டும்?
5. உங்கள் வீட்டில் யாருடைய பாதத்தை நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்? (இதற்கு மட்டும் விடை உங்களிடம்தான்!)