துரு நீக்கும் லேசர் இயந்திரம்: எந்த வகை, யாருக்கு ஏற்றது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதையொட்டி மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. நமது மாவட்டத்தில் தண்ணீர் புகுந்த கடைகளில் சரக்கு நஷ்டம் உடனே கண்ணுக்குத் தெரிந்தது. இரும்பில் துரு ஏறுவதோ மெல்லத்தான் தெரியும். ரோலிங் ஷட்டர், ரேக், மாவு மில் ஹாப்பர், எண்ணெய் எக்ஸ்பெல்லர், எடைக்கல் என்று எதையும் அது விடுவதில்லை.

துருவைப் போக்க இப்போது லேசர் இயந்திரங்கள் விற்பனைக்கு வந்துள்ளன. விலை லட்சக்கணக்கில் ஆகிறது. வகை தெரியாமல் வாங்கினால் பணமும் போகும், பொருளும் கெடும். ஆகவே வாங்க நினைக்கும் வணிகர்கள் அறிய வேண்டியவற்றை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

வேலை செய்யும் விதம்

1960-களில் அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் ஷாலோ, தாளில் அச்சான மையை லேசரால் அழித்துக் காட்டினார். கறுப்பு மை ஒளியை உறிஞ்சிச் சூடாகி ஆவியானது. வெள்ளைத்தாள் ஒளியைத் திருப்பி அனுப்பியதால் கருகவில்லை. துரு நீக்குவதும் இதே தத்துவந்தான். துருவும் பழைய பெயின்டும் கதிரை அதிகம் உறிஞ்சிப் பொடியாகவும் புகையாகவும் வெளியேறுகின்றன. அடியில் உள்ள இரும்பு குறைவாகவே உறிஞ்சுவதால் தங்கி நிற்கிறது. மணலும் வேண்டாம், அமிலமும் வேண்டாம் என்பதே இதன் சிறப்பு.

இரண்டு வகைகள்

முதலாவது, துடிப்பு லேசர் (பல்ஸ்). கதிர் விட்டுவிட்டு, மிகமிகக் குறுகிய துடிப்புகளாக வரும். இரும்பு சூடேறுவதற்குள் துரு பறந்துவிடும். மெல்லிய தகடு, இயந்திரப் பற்சக்கரம், அச்சு போன்ற நுட்பமான பாகங்களுக்கு இதுவே ஏற்றது. 100, 200, 300 வாட் அளவுகளில் கிடைக்கிறது. வாட் குறைவாக இருந்தாலும் விலை அதிகம்.

இரண்டாவது, தொடர் லேசர். கதிர் இடைவிடாமல் வரும். 1000, 1500, 2000 வாட் என்று விற்கப்படுகிறது. விலை குறைவு, வேகம் அதிகம். ஆனால் இரும்பும் சேர்ந்து சூடாகும். கனமான சட்டம், தூண், லாரி சேஸிஸ் போன்றவற்றுக்குச் சரி. ரேக் தகட்டில் பிடித்தால் தகடு வளைந்து நிறம் மாறிவிடும்.

"1500 வாட் 200 வாட்டைவிடப் பெரியது, விலையும் குறைவு" என்று கேட்டு ஏமாறக்கூடாது. இவை இரண்டும் வெவ்வேறு வேலைக்கான கருவிகள். 1500 வாட் என்பது வெளிவரும் கதிரின் அளவு. குளிரூட்டும் சில்லரோடு சேர்த்து இழுக்கும் மின்சாரம் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு இருக்கும். உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்சுமை தாங்குமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

எடைக்கல்லுக்கு ஆகாது

துருப்பிடித்த எடைக்கல்லை லேசரில் காட்டிவிடலாம் என்று எண்ணுவது ஆபத்து. இரும்பு எடைக்கல்லின் குழியில் ஈயம் அடைத்து அதன்மேல்தான் அரசு முத்திரை குத்துகிறார்கள். லேசர் பட்டால் ஈயம் உருகும், முத்திரை அழியும். ஈயப் புகை நஞ்சு. துரு உதிர்ந்த கல்லின் எடையும் குறைந்திருக்கும். 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம்தான் அதைக் கொடுக்க வேண்டும். அவர் சரிசெய்தபின் தொழிலாளர் துறையின் எடையளவு ஆய்வாளரிடம் மறுமுத்திரை பெற வேண்டும். எடைக்கல்லுக்கு 24 மாதங்களுக்கு ஒருமுறையும் எலெக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதங்களுக்கு ஒருமுறையும் முத்திரை புதுப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. எலெக்ட்ரானிக் தராசின் சீல் அருகே லேசரைக் கொண்டுபோகவே கூடாது.

மளிகைக் கடைக்குத் தேவையா?

சாதாரண மளிகைக் கடைக்குத் தேவையில்லை என்பதே நேர்மையான பதில். ஷட்டருக்கும் ரேக்குக்கும் கம்பி பிரஷ், உப்புத்தாள், பிறகு ரெட் ஆக்சைடு பிரைமர், பெயின்ட் போதும். துத்தநாகம் பூசிய தகட்டில் லேசர் பட்டால் பூச்சே போய்விடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சல் வரும்.

மாவு மில், அரிசி ஆலை, எண்ணெய் ஆலை வைத்திருப்பவர்களுக்குப் பயன் உண்டு. உணவு படும் பாகத்தில் அமிலமோ மணலோ தங்காது. வேலை முடிந்ததும் பொடியைத் துடைத்தெடுக்க வேண்டும். சுத்தமான இரும்பு ஈரக்காற்றில் சீக்கிரமே மறுபடி துருப்பிடிக்கும். ஆகவே அன்றே காப்பு செய்ய வேண்டும். உணவு படும் இடத்தில் பெயின்ட் அடிக்காமல் சமையல் எண்ணெய் தடவி வைக்கலாம்.

சொந்தமா, வாடகையா?

இயந்திர விலை 4 லட்சம், ஒருநாள் வாடகை 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 80 நாள் வேலை இருந்தால்தான் விலை ஈடாகும். ஓர் ஆலைக்கு ஆண்டில் நான்கு நாள் வேலை என்றால் 20 ஆண்டுகள் ஆகும். ஐந்தாறு ஆலைக்காரர்கள் சேர்ந்து ஒரே வாரத்தில் வாடகைக்கு எடுத்து முடித்துக்கொள்வது மேல். ஜி.எஸ்.டி.யில் இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர்கள் இயந்திரத்துக்குக் கட்டும் வரியைத் திரும்பக் கழிக்க முடியாது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாதுகாப்பு

இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கண் தானாக மூடிக்கொள்ளாது. பளபளப்பான உலோகத்தில் பட்டுத் தெறித்தாலும் விழித்திரையைச் சுட்டுவிடும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடி காப்பாற்றாது. இயந்திரத்தின் அலைநீளம் (துடிப்பு வகையில் பெரும்பாலும் 1064 நானோமீட்டர்) பொறித்த கண்ணாடியே வேண்டும். இயக்குபவர் மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவரும் அணிய வேண்டும். சாக்கு, மாவுத்தூசி, எண்ணெய்க் கசிவு உள்ள கிடங்குக்குள் இயக்கினால் தீப்பிடிக்கும். பாகத்தைக் கழற்றி வெளியே கொண்டுவந்து செய்ய வேண்டும். புகையை உறிஞ்சும் கருவியும் அவசியம்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

1. துடிப்பு வகையா, தொடர் வகையா? பில்லில் எழுதித் தருவீர்களா?

2. நான் கொண்டுவரும் துருப்பிடித்த பாகத்தில் செய்து காட்டுவீர்களா? ஒரு சதுர அடிக்கு எத்தனை நிமிடம்?

3. அடிக்கடி மாற்ற வேண்டிய லென்ஸ் காப்புக் கண்ணாடியின் விலை என்ன?

4. லேசர் மூலத்துக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? பழுதானால் மெக்கானிக் எந்த ஊரிலிருந்து வருவார்?

5. பாதுகாப்புக் கண்ணாடி, புகை உறிஞ்சி விலையில் அடக்கமா?

இந்த ஐந்துக்கும் தெளிவான பதில் வராத இடத்தில் முன்பணம் கொடுக்க வேண்டாம். வெள்ளத்தில் ஒருமுறை நஷ்டப்பட்ட முதலை, அவசரப்பட்டு வாங்கும் இயந்திரத்தில் மறுபடியும் முடக்கிவிடக் கூடாது.