டிஜிட்டல் சைகைகளை வரைதல்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

"உள்ளீட்டு அலைவடிவங்கள் தரப்பட்டுள்ளன, வெளியீட்டை வரைக." மின்னணுவியல் தேர்வில் நம்மில் பலரை மருட்டும் கேள்வி இது. சென்ற பருவத்தில் இதில் மதிப்பெண் இழந்தவன் நான். என் பிழைகளை எழுதினால் பிறருக்குப் பயன்படுமென்றே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

ஒலிபெருக்கிக்குச் செல்லும் மின்னழுத்தம் எண்ணற்ற நிலைகளில் ஏறி இறங்கும். டிஜிட்டல் சைகைக்கோ இரண்டே நிலைகள். டி.டி.எல். சில்லின் உள்ளீட்டில் 0.8 வோல்ட் வரை '0'. 2 முதல் 5 வோல்ட் வரை '1'. இடைப்பட்டது எதிலும் சேராது. ஆகவே, அடுத்த மாற்றம் வரும்வரை கோடு கிடையாகவே செல்லவேண்டும். மாறும் கணத்தில் செங்குத்தாக ஏறவோ இறங்கவோ வேண்டும். நானோ புள்ளிகளைச் சாய்கோட்டால் இணைத்துப் பொதிகை மலையையே வரைந்து வைத்திருந்தேன்!

இரண்டாம் பிழை இதனினும் பெரிது. 7408 சில்லிலுள்ள ஆண்ட் கேட்டின் இரு உள்ளீடுகளும் 1 ஆனால்தான் வெளியீடு 1. அட்டவணை எனக்கு மனப்பாடம். ஆயினும் மூன்று அலைகளையும் தனித்தனிக் கால அச்சுகளில் வரைந்தேன்.

விடுமுறையில் திண்ணையிலமர்ந்து இதையே மீண்டும் வரைந்துகொண்டிருந்தேன். என் தந்தை பள்ளிக்கூடம் சென்றறியாதவர். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்குச் சிறு வயல் உண்டு. "இது என்னலே, படிக்கட்டா?" என்றார். தண்ணீரை வைத்தே விளக்கினேன். 'அ' என்பது மடை திறந்திருக்கும் நேரம்: 6 முதல் 10 மணி. 'ஆ' எங்கள் முறை: 8 முதல் 12. 'இ' வயலில் பாயும் நீர். தாளை உற்றுப் பார்த்தவர், 'இ'யின்மேல் விரல் வைத்தார்.

"ஏலே, மடைய அடைச்ச பொறவு ஒரு மணி நேரம் எப்படிலே பாயும்?"

9 முதல் 11 வரை வரைந்திருந்தேன்!

ஒரே அளவில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று அச்சுகளை வரைந்து, மாற்றம் நிகழும் 6, 8, 10, 12 மணிகளில் மேலிருந்து கீழாகப் புள்ளிக்கோடு இட்டேன். ஒவ்வொரு பத்தியிலும் மேலிரண்டைப் பார்த்துக் கீழே எழுதவேண்டியதுதான்: 1, 0 எனில் 0, 1, 1 எனில் 1, 0, 1 எனில் 0. 'இ' 8 முதல் 10 வரை மட்டுமே.

அப்பா அதோடு விடவில்லை. "எட்டு மணிக்குத் தண்ணி எட்டுக்கேவா வயலுக்கு வந்துரும்?" என்றார். சில்லிலும் இத்தாமதம் உண்டு. 7408இல் ஏறத்தாழ 10 முதல் 20 நானோ விநாடி. நாம் ஆய்வகத்தில் தரும் மெதுவான துடிப்புகளில் இது கண்ணுக்குத் தெரியாது. விநாடிக்கு ஒரு கோடித் துடிப்புகள் எனில், ஒரு துடிப்பின் காலமே 100 நானோ விநாடிதான். அப்போது 'இ'யைச் சற்று வலப்புறம் நகர்த்தியே வரையவேண்டும்.

இதே 'அ', 'ஆ' இரண்டையும் எக்ஸ்-ஆர் கேட்டுக்குக் கொடுத்து வரைந்து பாருங்கள். 6 முதல் 8, 10 முதல் 12 என இரு துடிப்புகள் கிடைக்கவேண்டும்.