நியூற்றன் வளர்ந்த வீடு

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில், வூல்ஸ்தோர்ப் என்ற சிற்றூரில், சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பழைய பண்ணை வீடொன்று உண்டு. விஞ்ஞானப் பாடத்தில் நாம் அறிந்த ஐசாக் நியூற்றன் பிறந்து வளர்ந்த வீடு அது. இன்று நெஷனல் ட்ரஸ்ட் அதனை நூதனசாலையாகப் பராமரிக்கிறது.

அங்கு செல்வோர் முதலில் தேடுவது அப்பிள் மரத்தை. 1820 இல் புயலில் சாய்ந்து, வேரிலிருந்து மீண்டும் துளிர்த்த மரம் அது. எனினும் மரத்தை விட வீட்டின் உட்புறமே அதிகம் சொல்கிறது.

பழைய நாட்காட்டிப்படி 1642 டிசம்பர் 25 ஆம் திகதி நியூற்றன் இங்கு பிறந்தார். தந்தை மரணித்து அப்போது மூன்று மாதம் கூட ஆகவில்லை. பிள்ளைக்கு மூன்று வயதானபோது தாய் ஹன்னா, பார்னபஸ் சிமித் என்ற முதிய பாதிரியாரை மறுமணம் செய்து, சில கிலோமீற்றர் தொலைவிலிருந்த அவரது வீட்டுக்குப் போனார். மகன் தாய்வழிப் பாட்டியிடம் விடப்பட்டான். நடந்து போகக்கூடிய தூரத்தில் தாய். ஆனால் உடன் இல்லை. 1662 இல், தான் செய்த தவறுகளை நியூற்றன் பட்டியலிட்டபோது, தாயையும் சிமித்தையும் வீட்டோடு எரிப்பதாக மிரட்டியதையும் அதில் எழுதினார்.

கூடத்தில், குளிர்காயும் அடுப்பருகே சுவரில் ஒரு காற்றாலையின் கீறல் 2017 இல் கண்டுபிடிக்கப்பட்டது. சிறுவன் நியூற்றனின் கைவேலை என்றே கருதுகிறார்கள். கடதாசி அரிதான காலம், சுவர்தான் கொப்பி.

சிமித் இறந்தபின் திரும்பி வந்த தாய், பதினேழு வயதளவில் மகனைப் பாடசாலையிலிருந்து நிறுத்திப் பண்ணை வேலைக்கு விட்டார். விதவைத் தாய் மூத்த மகனை நிலம் பார்க்கச் சொன்னது அன்றைய வழக்கந்தான். ஆனால் ஆடுகள் அடுத்தவர் வயலில் மேய, அவர் புத்தகத்தோடு இருந்தாராம். அதிபர் ஹென்றி ஸ்டோக்ஸும் தாய்மாமனும் ஹன்னாவிடம் வாதாடினார்கள். கட்டணத்தை விட்டுத்தருவதாகவும் அதிபர் சொன்னாராம். தாய் இணங்கினார். 1661 இல் கேம்பிரிட்ஜ் சென்ற நியூற்றன், குடும்பத்தில் வசதியிருந்தும், செல்வந்த மாணவருக்குப் பணிவிடை செய்தே படித்தார்.

1665 இல் கொள்ளைநோய் பரவிப் பல்கலைக்கழகம் மூடப்பட, மீண்டும் இவ்வீட்டுக்கே வந்தார். ஒளி, ஈர்ப்பு, கணிதம் பற்றிய அவரது சிந்தனை வேகமாக வளர்ந்தது அப்போதுதான்.

சிமித்திடமிருந்து அவருக்கு ஒரு பெரிய குறிப்பேடு கிடைத்திருந்தது. சமயக் குறிப்புகளுக்கெனத் தலைப்புகள் இடப்பட்டு, பெரும்பாலான பக்கங்கள் வெறுமையாக விடப்பட்ட ஏடு அது. தாயைக் கூட்டிச் சென்றவரின் அந்த வெற்றுப் பக்கங்களில்தான் நியூற்றன் நுண்கணிதத்தின் ஆரம்பக் கணக்குகளை எழுதினார். அதனை வூல்ஸ்தோர்ப்பில் தேடவேண்டாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.